அட்ஜஸ்ட்

ஒரகடத்துக்கு வேலைக்கு வருகிறவனுக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை தெரிந்தால் போதும். அந்த வார்த்தை அட்ஜஸ்ட். பாலிடெக்னிக்கில் எங்களுக்கு லேத் சொல்லிக்கொடுத்த சார், அட்ஜஸ்ட் என்றால் ஒரு ஸ்க்ரூவை மெல்ல மெல்லத் திருப்பி, அது நிற்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது என்றார். நிற்க வேண்டிய இடம் என்று ஒன்று இருப்பதாக நம்பித்தான் நானும் வள்ளியூரில் பஸ் ஏறினேன்.

இங்கே வந்த முதல் நாளே, மூன்று பேர் உட்காரும் ஷேர் ஆட்டோ சீட்டில் ஐந்தாவது ஆளாக என்னைத் திணித்துவிட்டு டிரைவர் அதைச் சொன்னார். இருங்காட்டுக்கோட்டையில் ரூம் கொடுத்த கிளியம்மாள், மோட்டார் ரிப்பேர் என்று இரண்டு நாள் தண்ணீர் விடாமல் அதைச் சொன்னார். "இன்னா பண்றது தம்பி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றால் சண்டைக்கே இடமில்லை. லீவு கேட்டால் அட்ஜஸ்ட், லீவு கொடுக்காவிட்டாலும் அட்ஜஸ்ட். மாரிசெல்வி வேலை பார்த்த செல்போன் கம்பெனியில் லைன் லீடர் ஒருத்தன் அவளிடம் அதே வார்த்தையைச் சிரித்துக்கொண்டே சொன்னான். அவள் மறுநாளே அந்தக் கம்பெனியை விட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். இத்தனை காரியத்துக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இந்த ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று எனக்கு ஆரம்பத்தில் சிரிப்பாக வரும். நானும் அந்த வார்த்தையில்தான் பிழைக்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

மாரிசெல்வி எனக்குப் பேசி முடித்திருந்த பெண். அவளுடைய அண்ணன் மாசானம் என் ரூம்மேட். ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். நான் இங்கே வந்த ஆறாம் மாதம் அவனையும் கூட்டிக்கொண்டு வந்து என் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டேன். கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புத் தகடுகளை அடித்துக் கொடுக்கிற கம்பெனி. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பிரஸ், ஏழாம் நம்பர். நான் காலை ஷிப்ட் என்றால் அவன் மதிய ஷிப்ட். வாரம் மாறினால் அவன் காலை, நான் மதியம். கல்யாணப் பேச்சை எடுத்ததும் அவன்தான். அவனுடைய அப்பா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். மாப்பிள்ளை காண்ட்ராக்டில் இருக்கக் கூடாது, பெர்மனென்ட் ஆகியிருக்க வேண்டும். மாசானம் அவரிடம், அதெல்லாம் ஆகிவிடும், நான் பக்கத்திலேயே இருந்து பார்க்கிறேனே என்று எனக்காக வாக்குக் கொடுத்தான்.

எங்கள் பிரஸ் வேறொரு கம்பெனி கழித்துவிட்ட பழைய மெஷின். அதற்கு இடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கினால்தான் மேலே இருக்கிற இரும்பு கீழே இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே கை இருக்காது. அதற்காகத்தான் அப்படி. ஆனால் அப்படி அடித்தால் டார்கெட் வராது. ஆகவே தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றை இடது பட்டனுக்கும் அதைச் சுற்றியிருக்கிற வளையத்துக்கும் நடுவே, மேலே பார்த்தால் தெரியாதபடி ஆழமாகச் செருகி, பட்டன் அமுங்கியே இருக்கும்படி வைத்துவிடுவோம். வலது கையால் மட்டும் அமுக்கிக்கொண்டு, சும்மா இருக்கிற இடது கையால் அடித்த தகட்டை எடுத்துப் புதுத் தகட்டை வைக்கலாம். சூப்பர்வைசர் டில்லிபாபுதான் இதைச் சொல்லிக்கொடுத்தார். அந்த மூடிக்கே அட்ஜஸ்ட் என்றுதான் பெயர்.

இதில் எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. எந்தக் கம்பெனிக்காரனும் எழுதிவைக்காத முறை. ஷிப்ட் முடிந்து போகிறவன் மூடியைத் தானே பிடுங்கி, அடுத்து வருகிறவனின் உள்ளங்கையில் வைக்க வேண்டும். மேஜையில் வைக்கக் கூடாது, மெஷினிலேயே விட்டுவிட்டுப் போகக் கூடாது. கைக்குக் கை. மூடி கையில் வந்தால் பட்டன் சும்மா இருக்கிறது என்று அர்த்தம். யாரும் கொடுக்கவில்லை என்றால், போனவன் ஞாபகமறதியாகப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டான், அப்போதும் பட்டன் சும்மாதான் இருக்கிறது என்று அர்த்தம். நான்கு வருடத்தில் இந்த முறை ஒரு நாள்கூடத் தவறியதில்லை. நாங்கள் அந்த மெஷினை நம்பவில்லை, ஒருத்தனை ஒருத்தன் நம்பினோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் காலை ஷிப்ட். ஷிப்ட் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது, இரண்டே கால் மணிக்கு ஆபீஸ் ரூமிலிருந்து ஆள் வந்து, எச்ஆர் கூப்பிடுகிறார், ஆதாரை எடுத்துக்கொண்டு உடனே வா என்றான். எதற்கு என்று கேட்டதற்கு, ஸ்வீட் வாங்கித் தர வேண்டியிருக்கும் என்று கண்ணடித்தான். என் கையில் இருந்த கிளவுஸைக் கழற்றி மெஷின் மேல் போட்டேன். லாக்கருக்கு ஓடினேன். அங்கிருந்து ஆபீஸுக்கு ஓடினேன். எச்ஆர் மேனேஜர் மணிகண்டபிரபு மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "வாழ்த்துக்கள் உச்சிமாகாளி" என்று ஒரு கவரை நீட்டினார். பெர்மனென்ட் ஆர்டர். நான் அதைப் பிரித்து இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தபோதுதான் பிரஸ்கள் ஓடுகிற ஷாப்பிலிருந்து சத்தம் கேட்டது. மெஷின் சத்தம் இல்லை. எல்லா மெஷினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோகிற சத்தம்.

மாசானம் வந்திருக்கிறான். நான் அங்கே இல்லை, மூடியும் கைக்கு வரவில்லை. பட்டன் சும்மா இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பான். உள்ளே ஒரு துண்டுத் தகடு சிக்கியிருந்தது. வலது கையைப் பட்டன் மேல் ஊன்றிக்கொண்டு, குனிந்து, இடது கையை உள்ளே விட்டு அதை எடுக்கப் பார்த்திருக்கிறான். கட்டை விரல் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியில் மறுநாள்தான் அவனைப் பார்க்க விட்டார்கள். கை முழுக்கக் கட்டு. மருந்து மயக்கத்தில் கண் பாதி மூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது அதைத்தான்.

"மாப்ள, நீ மூடியை எடுத்துட்டுத்தானல போன?"

அவன் குரலில் சந்தேகம் துளிகூட இல்லை. விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டான். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஐயோ மச்சான், அவசரத்தில் விட்டுட்டேன்ல என்று அவன் காலைப் பிடித்து அழுதிருக்கலாம். என் சட்டைப் பையில் அந்தக் கவர் இருந்தது. நேற்றுப் போட்ட சட்டையை நான் மாற்றவே இல்லை.

"எடுத்துட்டேன் மச்சான்" என்றேன்.

"அப்ப யாரு வச்சா?" என்று கேட்டுவிட்டு அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடியபடியே, "ஒண்ணும் ஓர்மையில்லல. ஷிப்டுக்குள்ள வந்தது தெரியுது. அப்புறம் கட்டில்ல கிடக்கேன்" என்றான். அடி பட்டால் அப்படித்தான், அதற்கு முன் நடந்தது கொஞ்சம் அழிந்துபோகும் என்று டாக்டர் சொன்னதாக நர்ஸ் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி ஓடியது. அது பயம் இல்லை என்பதை நான் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவன் தேறட்டும், அப்புறம் சொல்லிவிடலாம் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். அவன் தேறினான். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதில் என்ன தீர்மானம் ஆகப்போகிறது என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். ஆபரேட்டர் மேல் தப்பில்லை என்றால் அவனை ஸ்டோரிலோ பேக்கிங்கிலோ வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். இதற்கு முன் இரண்டு பேரை அப்படி வைத்திருக்கிறார்கள். ஆபரேட்டரே சேஃப்டியை மீறினான் என்றால் காண்ட்ராக்ட் முடிந்தது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான்கு விரல் இல்லாதவனை வேறு எந்தக் கம்பெனிக்காரன் கேட்டுக்குள் விடுவான்?

விசாரணைக்கு முதல் நாள் டில்லிபாபு என்னைக் கேன்டீன் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைப்பாக்கத்துக்காரர். அவர் அப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது ஏதோ ஒரு கம்பெனியின் கன்டெய்னர்கள் நிற்கின்றன. அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். மாசானத்தை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவன் கையைத் தன் பனியனில் சுற்றிப் பிடித்திருந்தவர் அவர்தான்.

"த பாரு மாகாளி. நீ மூடிய எட்த்துகினுதான் போன. நான் பாத்தேன்" என்றார்.

அவர் அந்த நேரத்தில் ஷாப்பிலேயே இல்லை. டீ குடிக்கப் போயிருந்தார். அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"நீங்க எங்கண்ணே பாத்திய?" என்றேன்.

"நான் பாத்தேன்னு சொல்றேன், நீ இன்னாத்துக்கு நோண்டிகினு கீற? மூடி வெக்கச் சொன்னது யாருன்னு நோண்ட ஆரமிச்சானுங்கன்னா நானும் காலி, நீயும் காலி. எனக்கு ரெண்டு பொண்ணு. உனக்கு கல்யாணம் கீது. அவனுக்கு போன வெரலு திரும்ப வரப்போறதில்ல. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

நான் தலையாட்டினேன். அதைவிடச் சுலபமாக இந்த உலகத்தில் ஒரு காரியமும் இல்லை.

விசாரணை காலை பதினோரு மணிக்கு மீட்டிங் ரூமில். ஏசி போட்டிருந்தார்கள். மாசானம் கட்டுப்போட்ட கையை மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். மணிகண்டபிரபு பேப்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உச்சிமாகாளி, நீங்க மெஷினை விட்டுக் கிளம்பும்போது லெஃப்ட் பட்டன் ஃப்ரீயா இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"மூடி மாதிரி ஏதாவது?"

"இல்ல சார்."

டில்லிபாபு, நானும் பார்த்தேன் சார் என்றார். அவர் குரல் நடுங்கவில்லை. பிறகு மணிகண்டபிரபு மாசானத்தின் பக்கம் திரும்பினார். அவன், எனக்குத் தெரியாது சார், ஞாபகமில்லை சார் என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொன்னாலாவது சந்தேகத்தின் பலன் என்று ஏதாவது கிடைக்கும் என்று என் மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. மாசானம் என்னை ஒரு முறை பார்த்தான்.

"அவன் எடுத்துட்டேன்னு சொன்னா எடுத்துருப்பான் சார். அவன் அப்படிப்பட்ட ஆளு இல்ல. அப்ப நான்தான் வச்சிருக்கணும். கைப்பழக்கம் சார்."

அவனை யாரும் மிரட்டவில்லை. பொய்யும் சொல்லவில்லை. என்னை நம்பினான், அவ்வளவுதான். என்னை நம்ப வேண்டும் என்றால் அவன் தன்னைச் சந்தேகப்பட்டாக வேண்டும். அதை அவன் செய்தான். வலது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடி போட்டு மணிகண்டபிரபுவிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

அடுத்த வாரம் அவனுடைய காண்ட்ராக்ட் முடிந்ததாகக் கடிதம் வந்தது.

அதன்பிறகு கையில் கட்டுப் பிரிக்கிறவரை ஒரு மாதம் ரூமில்தான் இருந்தான். நான் வேலைக்குப் போய்விட்டு வருவேன், அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பான். ஞாபகப்படுத்திப் பார்க்கிறானாம். "உள்ள வந்தேன். ஹெல்மெட்டை மாட்டுனேன். நீ இல்ல. கிளவுஸ் கிடந்துச்சு. அப்புறம் என்ன செஞ்சேன்?" என்று பள்ளிக்கூடத்துப் பையன் மனப்பாடம் பண்ணுகிற மாதிரி முதலிலிருந்து சொல்லுவான், அந்த இடம் வந்ததும் நின்றுவிடுவான். "மாப்ள, நீ சொல்லு, நான் வேற மூடி ஏதும் பாக்கெட்ல வச்சிருப்பேனா?" என்று கேட்பான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு, இருக்கும் மச்சான் என்பேன். அவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன். சட்டைப் பட்டன் போட்டுவிட்டேன். என்னை மாதிரி ஒரு மாப்பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று கிளியம்மாள் தெருவெல்லாம் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டைக்கு வரச் சொல்லி மாரிசெல்வி போன் செய்தாள். முருகன் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து நிழலில் நின்றோம். விபூதிப் பொட்டலத்தைக் கையில் மடித்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க அண்ணன் ஹெல்மெட் போடாம பைக்ல ஏற மாட்டாவ. கேஸை மூடிட்டமான்னு மூணு மட்டம் எந்திரிச்சுப் போய்ப் பாப்பாவ. அவ்வோ மூடியை வச்சத மறந்துட்டாவன்னு என்னால நம்ப முடியல."

பொட்டலத்தை மடிப்பதை நிறுத்தினாள்.

"நீங்க எடுத்தியளா?"

அவள் கண்ணை நேராகப் பார்க்க முடிந்தது என்பதுதான் எனக்கே ஆச்சரியம். "எடுத்தேன் செல்வி" என்றேன். அவளும் என்னைப் பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள். கம்பெனி ஹாஸ்டலுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள். ஷேர் ஆட்டோவில் ஏறி, கடைசி வரை திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கல்யாணம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அண்ணனுக்கு வேலை போய்விட்ட வீட்டில் பெர்மனென்ட் மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? அவளும் அந்த ஒற்றை வார்த்தையைத்தான் விழுங்கிக்கொண்டு போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. எத்தனையோ அர்த்தத்தில் அதைக் கேட்டிருக்கிறேன். என் முகத்தைப் பார்த்து ஒருத்தி அதை வாயைத் திறக்காமல் சொன்னது அன்றுதான்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாசானம் ஊருக்குக் கிளம்புகிற நாளில் எது வந்தாலும் வரட்டும் என்று முடிவெடுத்தேன். கிளாம்பாக்கத்தில் மதியம் மூன்று மணி பஸ். அவனுடைய பெட்டியை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. சிமென்ட் பெஞ்சில் அவனை உட்கார வைத்து, எதிரே குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"மச்சான், நான் மூடியை எடுக்கல."

"என்னது?"

"அன்னைக்கு எச்ஆர் கூப்புடுதாருன்னு சொன்னதும் ஓடிட்டேன். எடுக்கல. மூடி பட்டன்லயேதான் இருந்துச்சு. நீ வைக்கல. ஆஸ்பத்திரில உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். விசாரணையிலயும் பொய். நான் இப்ப வந்து மணிகண்டபிரபு சார்கிட்ட உள்ளதைச் சொல்லுதேன். உன்னை ஸ்டோர்ல எடுத்துக்கிடுவாவ. வா, திரும்பிப் போவோம்."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்று முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தேன். அவன் என் தோளில் கையை வைத்தான்.

"ஏல, கிறுக்கா. எனக்கு வேலை போயிட்டுன்னு நீ இப்படிலாம் அட்ஜஸ்ட் பண்ணிச் சொல்லப்போறியா? உன் வேலையும் போகவா?"

"சத்தியமா மச்சான். முருகன் மேல சத்தியமா."

"எனக்கு ஓர்மை வந்துட்டுல. ஒரு வாரமா கண்ணுலயே நிக்குது. உன்கிட்ட சொன்னா வருத்தப்படுவன்னுதான் சொல்லல. உள்ள வந்தேன், உன் கிளவுஸ் கிடந்துச்சு, பாக்கெட்ல ஒரு நீல மூடி கிடந்துச்சு. அத எடுத்து ரெண்டு விரல்ல பிடிச்சு, இப்படி அமுக்குனேன்."

அமுக்கிக் காட்ட இடது கையைத் தூக்கினான். அதைப் பார்த்துவிட்டுக் கீழே இறக்கிக்கொண்டான். வலது கையால் செய்து காட்டினான். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, காற்றில், அந்தப் பட்டன் எவ்வளவு உயரத்தில் இருக்குமோ சரியாக அதே உயரத்தில் வைத்து அமுக்கினான். எங்கள் மெஷினில் இருந்தது வெள்ளை மூடி. அதைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"நீயா வச்ச, நிறம் சொல்லுததுக்கு? நான்லா வச்சேன்."

நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். லாக்கருக்கு ஓடியதைச் சொன்னேன், டில்லிபாபு சொன்னதைச் சொன்னேன், மாரிசெல்வி கேட்டதைக்கூடச் சொன்னேன். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். டாக்டர் காய்ச்சல்காரனிடம் தலையாட்டுகிற மாதிரி. ஒரு மாதமாக ராத்திரி பகலாக என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவன் அந்த ஞாபகத்தைக் கட்டி எழுப்பியிருக்கிறான். அவன் கேட்ட இடத்தில் எல்லாம் நான்தான் ஆமாம் மச்சான் என்று செங்கல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இனி அதை என்னாலேயே இடிக்க முடியாது. நான் மணிகண்டபிரபுவிடம் போய்ச் சொன்னாலும் அவர் இவனைக் கூப்பிட்டுக் கேட்பார். இவன் வந்து, நான்தான் வைத்தேன் என்று சத்தியம் பண்ணுவான்.

வள்ளியூர் பஸ் வந்தது. அவன் எழுந்து, பெட்டியை வலது கையில் வாங்கிக்கொண்டான்.

"செல்விகிட்ட போயி இந்தக் கதையெல்லாம் சொல்லி அவளைக் கலங்கடிக்காத, கேட்டியா? நல்லா வச்சுக்க அவள. நீ நல்லவன்ல" என்றான்.

ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டை விரல் மட்டும் இருக்கிற கையைத் தூக்கி எனக்கு டாட்டா காட்டினான். பஸ் பின்னோக்கி வந்து, திரும்பி, ஜிஎஸ்டி ரோட்டுக்குப் போனது. நான் அங்கேயே நின்று அழுதேன். பக்கத்தில் பழம் விற்றுக்கொண்டிருந்த பெண், யாருப்பா போறாங்க, அண்ணனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அழுதுகொண்டிருந்தபோதே எனக்குப் பசித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக நன்றாகப் பசித்தது. வெளியே போய் ஒரு பிரியாணி வாங்கி, கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றேன்.